குளிராத சிவப்புக் கார்

வாகன ஏசி திருத்துகிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வேர்த்து வழிந்து, சட்டை முதுகில் ஒட்டிய கோலத்தில் வந்து, அந்த வேர்வைக்கு நான்தான் காரணம் என்பது போலப் பார்ப்பார்கள். பல்லுப் பிடுங்குகிறவருக்குக்கூட இதைவிட மரியாதை கிடைக்கிறது. இதை வாசிக்கிற நீங்கள் மத்தியான வெயிலில் மூடிய காருக்குள் வெந்தவராக இருக்கலாம், அல்லது அப்படி வெந்தவரிடம் ஏச்சு வாங்கியவராக இருக்கலாம். இரண்டு தரப்புக்கும் என் அனுதாபம் உண்டு. இரண்டாவது தரப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக.

யுத்தம் நடந்த காலத்தில் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருந்தது. ஏசி திருத்துகிறவனுக்குக் கடலோரம் நல்ல இடம். உப்புக் காற்று இனம், மதம் பாராமல் எல்லாருடைய காரையும் அரித்து என்னிடம் அனுப்பிவைத்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை திருந்திப் போயின. என் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றது ஒரே ஒரு கார்.

காஸ் முடிந்து போச்சு

அது ஜப்பானில் செய்த, இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். நல்ல சிவப்பு. நீள மூக்கு, சரிந்த முதுகு, பின்னால் பெயருக்கு ஒரு ஆசனம். ஒரு தேயிலைக் கம்பனியின் வெள்ளைக்கார டைரக்டர் நாட்டை விட்டுப் போகும்போது தன் கணக்காளரிடம் விட்டுச் சென்றது. அந்தக் கணக்காளர்தான் சிவநேசன் ஐயா. யாழ்ப்பாணத்தவர், மெலிந்த மனிதர், ஓய்வு பெற்றவர். வேகமாகப் போவதற்கென்றே வடிவமைத்த அந்த வண்டியை, பால்குடம் கொண்டு போவது மாதிரி ஓட்டுவார்.

அவருக்கு ஒரே மகன், ரமணன். இராணுவமும் பொலிசும் தமிழ்ப் பொடியன்களைத் தேடும் சுற்றிவளைப்பில் அவனை இரண்டு தரம் ஏற்றிக்கொண்டு போய், விசாரித்துவிட்டு விட்டிருந்தார்கள். மூன்றாம் தரம் விடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. கனடாவில் தாய்மாமன் இருந்தார். கார் விலைப்பட்டால் பொடியன் போகலாம். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த செபஸ்தியான் முதலாளி காரைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, ஏசி வேலை செய்யவேண்டும். ஆள் கொஞ்சம் பருமன், வெயில் ஆகாது.

“பாஸ், காஸ் முடிஞ்சு போச்சு. கொஞ்சம் அடிச்சு விடுங்கோ,” என்றார் ஐயா. கொழும்பில் ஸ்பானர் பிடிக்கிற எல்லாரும் பாஸ்தான். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. பிழையான வசனத்தைக் கேட்டால் சும்மா இருக்க முடியாது. காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து முடிவதில்லை என்றும், அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டேயிருப்பது என்றும், குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் அர்த்தம் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏசி குளிரை உண்டாக்குவதேயில்லை, உள்ளே இருக்கிற வெப்பத்தைத் தூக்கி வெளியே எறிவதுதான் அதன் வேலை என்று வேறு விளக்கினேன். ஐயா கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்பவர் போல முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “விளக்கம் வலு திறம், பாஸ். ஆனா செபஸ்தியான் முதலாளி விளக்கம் கேக்கேல்லை. குளிர்தான் கேட்டவர்.”

நடைபாதையில் ஒரு சிலிண்டர்

கம்ப்ரசரின் சீல் போயிருந்தது. அதை மாற்றினேன். அந்தக் காருக்குத் தேவையான பழைய வகைக் காஸ் அப்போது சந்தையிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. வழமையாக என்னை ஏற்றி இறக்கும் சுனிலின் முச்சக்கர வண்டியில், சிலிண்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். பம்பலப்பிட்டிக்கு முன்னால் சோதனைச் சாவடி. இராணுவ வீரர் மடியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ‘ஃப்ரிஜ் காஸ்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் பாடப்புத்தகச் சிங்களத்தில், இது உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட திரவமாகிய வாயு என்று சொன்னேன். ஒரு எழுத்துப் பிழையில்லை. ஆனால் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு ‘உயர் அழுத்தம்’ என்று சொல்லக்கூடாது என்பதை எனக்குச் சிங்களம் படிப்பித்த ஆசிரியர் சொல்லித்தரவில்லை.

சிலிண்டரை நடைபாதையில் தனியே வைத்தார்கள். எல்லாரும் தூரப் போனார்கள். பஸ்கள் நின்றன. ஜன்னல்கள் வழியாக அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெயிலில் நிற்கவைத்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, சிலிண்டரின் லேபலைக் குனிந்து படித்து, “ஃப்ரிஜ் காஸ் நேத?” என்று, அதாவது ஃப்ரிஜ் காஸ்தானே என்று, கேட்டார். “ஒவ் சேர்,” என்று தலையாட்டினேன். வீதி திறந்தது. சுனில் வண்டியை எடுத்து, கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: “அய்யே, ஒங்களுக்குப் படிப்பு கொஞ்சம் கூட. அடுத்த தடவ நான் பேசுறேன். நீங்க சும்மா சிரிங்க.”

மஜீத் நானாவின் தீர்ப்பு

காஸ் அடித்ததும் கார் நன்றாகக் குளிர்ந்தது. ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் காருக்கு ஒரு பூசை செய்வித்துவிட்டு வீட்டுக்குப் போனார். சில கிழமைகளில் திரும்பி வந்தார். “கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, பாஸ்.” காஸ் சரியாக இருந்தது. கண்டென்சரில் சந்தேகப்பட்டு, வேறு காரில் கழற்றிய பழைய சாமான் ஒன்று வாங்கிப் பூட்டினேன். போனார். திரும்பி வந்தார். வால்வை மாற்றினேன். போனார். திரும்பி வந்தார். போதாக்குறைக்கு, முன் ஆசனத்தில் இருக்கிற அவருடைய மனைவியின் காலடியில் தண்ணீர் வேறு நின்றது. செபஸ்தியான் முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ஐயாவின் முகம் இன்னும் கொஞ்சம் சிறுத்து வந்தது.

பொனட்டைத் திறந்தால் குழாய்களில் பனி படர்ந்திருக்கும். உள்ளே இருந்தால் புழுக்கம். காற்றுத் துவாரத்தில் கையை வைத்தால், நித்திரை கொள்கிற பூனையின் மூச்சு. பக்கத்துக் கடையில் ஓட்டோ எலக்ட்ரீஷன் மஜீத் நானா இருந்தார். விசிறி மோட்டரைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் புதிதாகக் கம்பி சுற்றித் தந்தார். பூட்டிப் பார்த்தோம். பூனை விழிக்கவில்லை.

எனக்குக் காரணம் விளங்காமல் இல்லை. அடைப்பு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்தக் காரைச் செய்தவர்கள் முதலில் ஏசிப் பெட்டியை நிலத்தில் வைத்து, அதைச் சுற்றி மிச்சக் காரைக் கட்டியிருக்கவேண்டும் என்பது என் துணிபு. டாஷ்போர்டைக் கழற்றப் பயந்துதான் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். நானா துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி, நோய் வயித்துல. நீ ரெண்டு மாசமா கால் நகத்த வெட்டிட்டு ஈக்கிறாய்.”

உள்ளே இருந்தவர்

ஸ்டியரிங்கைக் கழற்றி, ஆசனங்களைக் கழற்றி, காருக்குள் தலைகீழாகப் படுத்துக் கழற்றவேண்டியதையெல்லாம் கழற்றி, ஏசிப் பெட்டியை வெளியே எடுத்தேன். திறந்தபோது முதலில் வந்தது வாசம். சந்தனம், கற்பூரம், காய்ந்த பூ. காற்றுப் போகவேண்டிய மெல்லிய தகட்டு வரிசை முழுவதும் சாம்பல் நிறத்தில் சீமெந்து பூசினமாதிரி இறுகியிருந்தது. அதற்குள் அறுகம்புல், செவ்வரத்தை இதழ், மல்லிகைக் காம்பு. தண்ணீர் வடிகிற குழாயை ஒரு செவ்வந்திப் பூ அச்சொட்டாக அடைத்திருந்தது. அதனால்தான் ஐயாவின் மனைவியின் காலடியில் குளம்.

ஐயாவை வரவழைத்து விசாரித்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காருக்குப் பூசை. முன் கண்ணாடியின் அடியில், வெளிக்காற்று உள்ளே போகும் துவாரங்களுக்கு மேலேதான் மாலை சாத்துவார்களாம். அங்கேதான் கோயில் ஐயர் பூவையும் திருநீற்றையும் அள்ளிப் போடுவாராம். “அப்ப ஏசி ஓடுமோ?” என்று கேட்டேன். “ஓட விடுறனான்,” என்றார் ஐயா, என்ன கேள்வி இது என்ற பாவனையில். “பழுதாய்ப் போனது ஏசிதானே. அதுக்குத்தானே பூசை.” ஏசி குறையக் குறைய, பூசையைக் கூட்டியிருக்கிறார். விசிறியும் குறை வைக்காமல் அத்தனையையும் உள்ளே இழுத்திருக்கிறது. ஈரத் தகட்டில் திருநீறு விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வாய் திறந்தேன். ஐயா அதற்குள் குனிந்து, பெட்டிக்குள் விரலை விட்டு, அந்தச் சாம்பலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, கண்களை மூடியபடி சொன்னார்: “பாத்தீங்களே பாஸ், இவ்வளவு காலமும் உள்ளுக்கை இருந்துதான் எங்களைக் காப்பாத்தியிருக்கிறார்.”

நான் விதித்த தடை

பெட்டியைக் கழுவிப் பூட்டியதும் கார் முதல் நாள் குளிர்ந்தது போலக் குளிர்ந்தது. நான் ஒரு தடை விதித்தேன். செபஸ்தியான் முதலாளி வந்து காரைக் கொண்டு போகும்வரை, கார் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. தகட்டு வரிசையின் இடைவெளி, திருநீற்றுத் துகளின் பருமன் எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்லித்தான் விதித்தேன். ஐயா மறுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்து போனார். கார் வீட்டு வாசலில் நின்றது.

அடுத்த நாள் விடியற்காலை அவர்கள் இருந்த மாடிக் குடியிருப்பைச் சுற்றிவளைத்தார்கள். ரமணனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஐயா பொலிஸ் நிலைய வாசலில் நின்றார். அவருடைய மனைவி பரமேஸ்வரி அம்மா என் கராஜுக்கு வந்தார். அதுவரை அவர் என்னோடு கதைத்ததில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. என் தடைக்கும் ரமணன் பிடிபட்டதற்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்க என்னிடம் நல்ல வாதங்கள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்துக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: “மெசினுக்கு மூச்சு முட்டும் எண்டு மறிச்சனீங்கள், பாஸ். இப்ப எனக்கு முட்டுது.”

துவாய்

ஐயாவின் பழைய கம்பனியில் வேலை செய்த ஒரு சிங்கள நண்பர் போய்ப் பொறுப்பெடுத்து, ஞாயிறு பின்னேரம் ரமணனை வெளியே கொண்டு வந்தார். பொடியன் இரண்டு நாள் தாடியோடு சிரித்துக்கொண்டு வந்தான். தகப்பன் சிரிக்கவில்லை. பயணத்துக்கு எல்லாம் ஆயத்தம், கார் மட்டும் விலைப்படவேண்டும். செபஸ்தியான் முதலாளி வருகிற சனிக்கிழமை மத்தியானம் வந்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை. பூசை செய்தால் ஏசிக்கு ஆபத்து. பூசையை விடு என்று அந்த வீட்டில் இனிச் சொல்ல என்னாலும் முடியாது.

ஆகவே வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன், தலை துவட்டும் பெரிய துவாய் ஒன்றும் ஒரு சுருள் டேப்பும் எடுத்துக்கொண்டு. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டேன். துவாரங்களின் மேல் துவாயை விரித்து, ஓரம் முழுவதும் டேப் ஒட்டினேன். ரமணன் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டான்: “அண்ணை, துவாய்க்கு மேலால அருள் இறங்குமோ?” அருள் துகள் வடிவில் இல்லை, ஆகவே இறங்கும் என்றேன். அவன் தாய் முதல்முறையாக என்னைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தார்.

ஐயர் தட்டோடு வந்தார். காரைப் பார்த்தார். துவாயைப் பார்த்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து, மந்திரம் சொல்லி, வழமையை விட இரண்டு பிடி கூடுதலாகத் திருநீற்றை அந்தத் துவாயின் நடுவில் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்: “வெயிலுக்குப் பயந்து குடையோட வந்த அடியாரைக் கண்டிருக்கிறன். திருநீற்றுக்குப் பயந்து போர்த்துக்கொண்டு வந்த காரை இப்பதான் காணுறன்.”

செபஸ்தியான் முதலாளி ஏறினார்

சனிக்கிழமை வெயில் யார் பக்கமும் சாயாமல் நேர் மேலே நின்றது. செபஸ்தியான் முதலாளி சட்டைக் கொலருக்குள் கைக்குட்டை செருகிக்கொண்டு வந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் தன்னை ஒருவாறு பொருத்திக்கொண்டார். ஐயா பக்கத்தில். நான் பின் ஆசனத்தில், முழங்கால்கள் காதைத் தொட மடிந்து கிடந்தேன். கார், காலி நகரின் பெயர் கொண்ட காலி வீதியில் ஏறியது. காற்று ஜில்லென்று வந்தது. முதலாளி நம்பவில்லை. “இந்தப் பக்கம் கடக்காத்துங்க. எல்லா வண்டியும் இப்பிடித்தான் இருக்கும்,” என்றார். கண்ணாடி மூடியிருக்கும்போது கடற்காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்க வந்தேன். ஐயா பின்னால் கையை நீட்டி என் முழங்காலை அழுத்தினார்.

பம்பலப்பிட்டிச் சாவடியில் மறித்தார்கள். கண்ணாடிகளை இறக்கச் சொன்னார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த குளிர் முழுவதும் ஒரு நொடியில் வீதிக்குப் போனது. தலைக்கவசமும் தடித்த மேலங்கியும் போட்ட ஒரு இளம் இராணுவ வீரர், வெயிலில் முகம் கறுத்து, ஐயாவின் பக்க ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். அடையாள அட்டைகளைப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஆசனத்துக்கு அடியில் பார்த்தார். திரும்பவும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தலையை எடுக்கவில்லை. பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. ஐயா தன் அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் இருந்த பெயர் போன கிழமை பிடித்த பொடியனின் தகப்பன் பெயர் என்று தெரிந்துவிட்டதோ என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன். அந்த வீரரின் முகம் காற்றுத் துவாரத்துக்கு நேரே இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. மூக்கு நுனியிலிருந்த வேர்வைத் துளி காய்ந்துகொண்டிருந்தது. “ஹரி சீத்தலய், மாத்தயா,” என்றார் மெதுவாக. நல்ல குளிர் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு மூன்றாம் முறையாக எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பின்னாலிருந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் தலை வெளியே போனது. முதலாளி கண்ணாடியை ஏற்றி, கொஞ்சத் தூரம் ஓட்டி, கொலருக்குள்ளிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். “சரிங்க ஐயா, வண்டிய நான் எடுத்துக்கிறேன். ஆமிக்காரனே தலைய எடுக்க மாட்டேங்கிறானே.”

ஒரு தொலைபேசி அழைப்பு

கார் கொட்டாஞ்சேனைக்குப் போனது. ரமணன் விமானம் ஏறினான். அதன் பிறகு நீண்ட நாள் ஐயாவைக் காணவில்லை. மாரி காலத்தில் ஒரு நாள், பழுதான கார் எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு கராஜுக்குள் வந்தார். வாடிக்கையாளர் முறைப்பாடு இல்லாமல் வருவது என் அனுபவத்தில் இல்லாத காரியம் என்பதால் நான் எச்சரிக்கையாக எழுந்து நின்றேன். அவர் பழைய டயரின் மேல் உட்கார்ந்து, பொடியன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றும், அங்கிருந்து கோல் எடுத்தான் என்றும் சொன்னார். என்ன சொன்னான் என்று கேட்டேன். ஐயா சிரிக்கப் பார்த்தார், முகம் வேறு எங்கோ போனது, திரும்பச் சிரிப்புக்கு வந்தது: “தாய் சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. அவன், ‘அம்மா, குளிருது’ எண்டான். அவ்வளவுதான் பாஸ், அண்டைக்குத்தான் அவ நிம்மதியா நித்திரை கொண்டவ.”

இந்தத் தொழிலில் ஒரு குறையும் சொல்லாமல் என் கராஜிலிருந்து எழுந்து போன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். அவரும் அன்றைக்கு வீட்டுக்குப் போனது, ஏசியும் இல்லாத, ஜன்னலும் மூடாத ஒரு காலி வீதி பஸ்ஸில்.